கல் மாற்றும் நாள்

என் சமையலறைக் கூரையில் ஒரு பழுப்புக் கறை இருக்கிறது. பதினோரு வருஷமாக அதைப் பார்த்துக்கொண்டேதான் தேநீர் குடிக்கிறேன். மேல்வீட்டு சபீத்தின் மீன்தொட்டி ஒன்று அந்த வருஷம் விரிசல் விட்டது. முந்நூறு லிட்டர் தண்ணீர், அதில் பாதி என் தலையில். சுண்ணாம்பு அடித்துத் தருகிறேன் என்று அன்றைக்குச் சொன்னார். இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்.

எங்கள் நிலக்கரி ஊர் சரானில் யாரைக் கேட்டாலும் ஏதோ ஒரு வகையில் சுரங்கத்துக்காரர்கள்தான். நான் விளக்கறையில் இருபத்தேழு வருஷம் வேலை பார்த்தேன். கீழே இறங்குகிறவர்களுக்குத் தலைவிளக்கு எடுத்துக் கொடுப்பதும், ஏறி வந்ததும் வாங்கி வைப்பதும் என் வேலை. சபீத் மின்சாரப் பிரிவு. அவர் விளக்கு எண் இருநூற்றுப் பதினான்கு. தொண்ணூற்று நான்கில் என் அண்ணன்கள் மூன்று பேரும் பெட்டி கட்டிக்கொண்டு ஜெர்மனிக்குப் போனார்கள். இங்கே பிறந்து வளர்ந்த எங்கள் ஜெர்மன்காரர்கள் தெருத்தெருவாகப் போன வருஷம் அது. ஃப்ரீடா, நீயும் வா என்று கூப்பிட்டார்கள். விளக்கறையை யார் பார்ப்பது என்று சொல்லி நான் தங்கிவிட்டேன். எல்லாரும் நம்பினார்கள். நானும் நம்பினேன்.

சபீத்தின் மனைவி இறந்து ஆறு வருஷம் ஆகிறது. மூத்த மகன் அல்மாட்டியில். வீட்டில் இருப்பது கடைசி மகன் மெதெத், அவன் மனைவி கம்ஷாத், அப்புறம் ஒன்பது மீன்தொட்டிகள். இங்கே கடைசி மகன் பெற்றவர்கள் வீட்டிலேயே இருப்பான். அது யாரும் கேள்வி கேட்காத ஏற்பாடு. மற்றவர்கள் சிறகு முளைத்துப் போவார்கள், கடைசிப் பிள்ளைக்கு வீடும் உண்டு, அப்பாவும் உண்டு. மெதெத்துக்குக் கூடுதலாக இரண்டு டன் தண்ணீரும் உண்டு.

அந்தத் தண்ணீரால்தான் கம்ஷாத் எனக்குச் சொந்தக்காரி மாதிரி ஆனாள். எங்கள் ஊர்க் குழாய்த் தண்ணீர் கெட்டிலுக்குள் வெள்ளையாகக் கட்டிப்போகும் ரகம். ஆப்பிரிக்க ஏரி மீன்களுக்கு அதுதான் அமிர்தமாம். ஆனால் குளோரின் வாசம் போக வேண்டும். அதனால் வியாழக்கிழமை மேல்வீட்டுக் குளியல் தொட்டியை நிரப்பி வைப்பார் சபீத். சனிக்கிழமைதான் அது மீன்களுக்குப் போகும். இடையில் அந்த வீட்டில் யாரும் குளிக்க முடியாது. மெதெத் ஷிஃப்ட் முடிந்து சுரங்கத்துக் குளியலறையிலேயே குளித்துவிடுவான். சபீத்துக்குக் குளியலில் பெரிய ஈடுபாடு கிடையாது. மாட்டிக்கொண்டவள் கம்ஷாத் ஒருத்திதான்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குத் துண்டும் கையுமாக வருவாள். ஜனவரிக் கடைசியில், மைனஸ் முப்பது டிகிரிக் குளிரில் ஜன்னல் கண்ணாடியெல்லாம் பனி பூத்திருந்த ஒரு வெள்ளிக்கிழமை, குளித்துவிட்டு ஈரத் தலையோடு என் சமையலறையில் உட்கார்ந்தாள். மடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"படிங்க, ஃப்ரீடாக்கா."

"கண்ணாடி எங்க வச்சேன்னு தெரியல. நீயே சொல்லு."

"அஸ்தானால வேலை கெடச்சிருக்கு. ஆஸ்பத்திரில ரத்தப் பரிசோதனைக் கூடம். மார்ச் ஒண்ணாந்தேதி போய்ச் சேரணும். ஹாஸ்டல்ல ரூமும் குடுக்கறாங்க, ரெண்டு பேருக்கு."

அவள் கரகண்டாவில் அதற்குத்தான் படித்தாள். படித்து முடித்த கையோடு கல்யாணம். இங்கே சரானில் அந்த வேலைக்கு இடமில்லை. மூன்று வருஷமாக அவள் நுண்ணோக்கிக்குப் பதிலாக மீன்குஞ்சைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"நல்ல விஷயம்தான. மூஞ்சிய ஏன் இப்படி வச்சிருக்க?"

"மெதெத் என்ன சொன்னான் தெரியுமா? அப்பாவ விட்டுட்டு நான் வரமுடியாது, மீன விட்டுட்டு அப்பா வரமாட்டார், மீனு எங்கயும் வரமுடியாது. அவ்ளோதான். சொல்லிட்டு சூப் குடிச்சான்."

"மாமனார் என்ன சொன்னார்?"

"அவர்கிட்ட யார் கேக்கறது? நான் கேக்க முடியுமா? மருமக வந்து மூணு வருஷத்துல வீட்டக் கலைக்கப் பாக்கறான்னு அவர் அக்கா தங்கச்சிங்க நாலு பேரும் என்ன உரிச்சுருவாங்க." ஈரத் தலையைத் துண்டால் இறுக்கிக் கட்டினாள். "மூச்சு முட்டுது அக்கா. எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணாடிதான் இருக்கு அந்த வீட்ல."

எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கோபமும் வந்தது. யார்மேல் என்று தெரியாததால் கூரையைப் பார்த்து இரண்டு வார்த்தை திட்டினேன்.

மறுநாள் சுண்ணாம்பு விஷயமாகச் சண்டை போடலாம் என்று மேலே போனேன். உண்மையில் நிலவரம் பார்க்கத்தான் போனேன். போன நேரத்தில் அங்கே கல் மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

பெரிய அறையின் ஒரு சுவர் முழுக்க நீளும் தொட்டி அது. மற்ற எட்டிலும் இருப்பவை சில்லறை மீன்கள், குஞ்சுகள். இதில் இருப்பவைதான் சபீத்தின் உயிர். கறுப்பு உடம்பு, நடுவில் ஒரே ஒரு மஞ்சள் பட்டை. தங்கனிகா ஏரிக்கரையில் இகோலா என்று ஒரு ஊராம், அந்தக் கரைக்காரர்கள். சபீத் அவற்றை ஊர்ப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். இகோலாவை அவர் பார்த்ததில்லை. அல்மாட்டியையே இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறார்.

கம்ஷாத் ஸ்டூல்மேல் ஏறி நின்று, தோள்வரை கையைத் தண்ணீருக்குள் விட்டு, ஒவ்வொரு கல்லாகத் தூக்கி இடம் மாற்றினாள். தலை அளவுக் கற்கள், அறுபதுக்குக் குறையாது. சபீத் பக்கத்தில் கைவலையோடு உட்கார்ந்து, மூச்சு வாங்க வாங்க வழி சொல்லிக்கொண்டிருந்தார். சுரங்கம் அவர் நெஞ்சில் பாதியை எடுத்துக்கொண்டது, மீதியில் பேசுகிறார்.

"அந்தத் தட்டைக்கல்ல இடது மூலைக்குக் கொண்டு போம்மா. அதுக்குக் கீழதான் கூட்டத்துத் தலைவன், பெரியவன் வீடு. அவன் வீடு மொதல்ல போகணும்."

"என்ன கூத்து இது, சபீத் அண்ணே? போன மாசந்தான அடுக்கினீங்க?" என்றேன்.

"வா ஃப்ரீடா. தாயைத் திருப்பி விடற நாள்."

அவர் காட்டிய சிறிய ஜாடியில் ஒரு மீன் இருந்தது. மெலிந்து, தலை மட்டும் பெரிதாகத் தெரிந்தது. இந்தச் சாதியில் தாய் முட்டையை வாய்க்குள் வைத்துத்தான் குஞ்சு பொரிக்கும். அந்த நான்கு வாரமும் அதைத் தனியாக வைப்பார்கள். வாயைத் திறந்து குஞ்சுகளை வெளியே எடுப்பது கம்ஷாத்தின் வேலை. சபீத்துக்குக் கை நடுங்கும். அவள் ஈரத் துணியில் தாயைப் பிடித்து, மழுங்கின குச்சியால் கீழ்த்தாடையை லேசாகத் தாழ்த்துவாள். பதினொரு குஞ்சு இந்த முறை, ஒன்றுகூடச் சாகவில்லை என்று சபீத் பெருமையாகச் சொன்னார்.

"அதுக்கும் கல்லுக்கும் என்ன சம்பந்தம்?"

"அப்படியே உள்ள விட்டா மத்ததெல்லாம் சேந்து சாயங்காலத்துக்குள்ள இவளக் கொன்னுடும். நாலு வாரம் வெளிய இருந்தாள்ல. நீ யாருன்னு கேட்டே கடிச்சுக் கொல்லும்."

"கூடப் பொறந்ததுங்கதான அதெல்லாம்?"

"கூடப் பொறந்ததுதான் மொதல்ல கடிக்கும்." சிரித்து, அந்தச் சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கும்வரை காத்திருந்தார். "ஆனா கல்லையெல்லாம் மாத்திட்டா எவனுக்கும் எவன் வீடு எதுன்னு தெரியாது. எல்லாரும் முழிப்பானுங்க. புதுசா முழிக்கறவன் இன்னொருத்தனப் பாத்து நீ புதுசுன்னு எப்படிச் சொல்லுவான்? அந்தக் கொழப்பத்துல இவள உள்ள விட்டுரணும்."

கம்ஷாத் கடைசிக் கல்லை வைத்துவிட்டு, ஜாடியைத் தண்ணீருக்குள் சாய்த்தாள். மஞ்சள் பட்டைக்காரி வெளியே வந்து இரண்டு கல்லுக்கு நடுவில் நின்றாள். பெரியவன் தன் வீட்டைத் தேடி மூலைக்கும் மூலைக்கும் ஓடிக்கொண்டிருந்தான். அவளை அவன் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

அந்த நேரம் மெதெத் ஷிஃப்ட் முடிந்து வந்தான். எவ்வளவு குளித்தாலும் கண்ணிமை ஓரத்தில் கரி போகாது. நல்ல பையன்தான், அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. ரொட்டியும் தேநீரும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். என் வாய் சும்மா இருக்குமா?

"அஸ்தானாலேர்ந்து காகிதம் வந்திருக்காமே, மெதெத்?"

கம்ஷாத் முழங்கையைத் துடைப்பதில் மும்முரமானாள். சபீத் தொட்டியைப் பார்த்தார்.

"வந்துச்சு," என்றான் மெதெத். "அப்பாவும் மீனும் இங்க இருக்கும்போது எப்படிப் போறது?"

"வித்துர வேண்டியதுதான."

"வித்தா பாதி கேப்பானுங்க, நாலு கேப்பானுங்க," என்றார் சபீத். "கூட்டத்த ஒடைச்சா ஒண்ணுகூட மிஞ்சாது. அதெல்லாம் விக்கற பொருள் இல்ல." பிறகு, யாரிடமும் இல்லாமல், "எனக்கும் கை நடுங்குது. கல்லு தூக்க ஆளு வேணும்" என்றார்.

"அதான் சொல்றேன்," என்று மெதெத் ரொட்டியில் வெண்ணெய் தடவினான். அதைச் சொன்ன விதத்தில் ஒரு நிம்மதி இருந்தது. நான் அதைக் கவனித்தும் விட்டுவிட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை கம்ஷாத்துக்கு அந்த யோசனையைக் கொடுத்தவள் நான்தான். இப்போது யார் கேட்டாலும் ஒப்புக்கொள்வேன்.

சபீத்துக்கு அரிஸ்தன் என்று ஒரு தங்கை மகன், கரகண்டாவில் கார் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறான். சபீத்தின் ஜனங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் பிறந்த பெண்ணின் மகன், தாய்மாமன் வீட்டில் மூன்று முறை எதையும் கேட்கலாம். மாமன் மறுக்கக்கூடாது. மறுத்தால் ஊர் காறித் துப்பும். அரிஸ்தன் ஏழு வயதில் சுவரில் தொங்கின வெள்ளிக் குமிழ் வைத்த சேணத்தைக் கேட்டான். கல்யாணத்தின்போது பக்கப்பெட்டி வைத்த மோட்டார் சைக்கிளைக் கேட்டான். மூன்றாவது கேள்வி பத்து வருஷமாகப் பாக்கி.

"அவன் வந்து மீன கேட்டா?" என்றேன்.

தலை துவட்டிக்கொண்டிருந்த கம்ஷாத்தின் கை நின்றது.

"அவனுக்கு எதுக்கு அக்கா மீனு? வறுத்துத் தின்னுடுவான்."

"அவன் வச்சுக்க வேண்டாம். வாங்கி நல்ல எடத்துல விடட்டும். கரகண்டால ஒரு கொரியன் இந்த மீனெல்லாம் வளக்கறான்னு உங்க மாமனாரே சொல்வாரே."

துண்டை மடித்து மடியில் வைத்தாள். பிறகு, "மொத்தமும் கேக்கணும். கல்லோட கேக்கணும். தொட்டில இருக்கற தண்ணிலயும் பாதி கொண்டு போகணும். இல்லன்னா செத்துரும்" என்றாள். அப்போதே அவள் கண் கலங்கியிருந்தது. அவள் கையால் வாய் திறந்து வெளியே வந்தவைதான் அதில் பாதி.

"பாவமா தோணுதா?"

"தோணுது. ஆனா மார்ச் ஒண்ணுக்கு மூணு வாரந்தான் இருக்கு."

பிப்ரவரி இரண்டாவது ஞாயிறு அரிஸ்தன் வந்தான். கதவை நிறைக்கிற ஆள். கம்ஷாத் காலையிலிருந்து குதிரைக்கறி வேகவைத்து, மாவை விரித்து வெட்டிப் போட்டு, பெரிய தட்டில் பேஷ்பர்மக் பரிமாறினாள். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். அரிஸ்தன் இரண்டு பேர் சாப்பாட்டைச் சாப்பிட்டு, கொழுப்புச் சூப்பையும் குடித்து, உதட்டைத் துடைத்தான்.

"மாமா, மூணாவது கேக்கப் போறேன்."

"கேளு, கேளு. இத்தனை வருஷமா பயந்துகிட்டே இருக்கேன். என் பல்லக் கேக்கறியா? நாலுதான் பாக்கி."

"பல்லு உங்ககிட்டயே இருக்கட்டும். அந்த இகோலாங்களக் குடுங்க. பாதி இல்ல, மொத்தமும். கல்லோட."

மெதெத் தலைநிமிர்ந்தான். சபீத் வாயிலிருந்ததை மெல்ல மென்று விழுங்கினார். அரிஸ்தனைப் பார்க்கவில்லை. கிண்ணத்தில் சூப் ஊற்றிக்கொண்டிருந்த கம்ஷாத்தைப் பார்த்தார். அவள் நிரம்பிய கிண்ணத்தில் இன்னும் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"கல்லோட," என்றார் சபீத்.

"ஆமா, கல்லோட. தண்ணி பாதி."

"இதுவரைக்கும் நீ அதுங்கள வரிக்குதிரைன்னுதான சொல்லுவ?"

அரிஸ்தன் சூப் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டான். பெரிய உடம்புக்காரர்களால் பொய்யை ஒளித்து வைக்க முடியாது. சபீத் துண்டில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"எடுத்துக்க. தங்கச்சி மகன் கேட்டா இல்லைன்னு சொல்றதுக்கு நான் என்ன மனுஷன் இல்லாம போயிட்டேனா?"

அன்று மத்தியானமே பிடித்தார்கள். கற்களை எடுத்தால்தான் மீன் பிடிபடும். கம்ஷாத்தான் எடுத்தாள். மெதெத் ரப்பர் குழாயில் தண்ணீரை இறக்கி மூடி போட்ட பீப்பாய்களில் நிரப்பினான். தண்ணீர் குறையக் குறைய மீன்கள் ஒரு மூலையில் நெருக்கிக்கொண்டு நின்றன. சபீத் ஒவ்வொன்றாக எண்ணினார். இருபத்து மூன்று. பெரியவன் கடைசிவரை வலையில் சிக்கவில்லை. கம்ஷாத் வெறுங்கையால் அவனைப் பிடித்து வந்து பீப்பாயில் விட்டுவிட்டு, நேராகக் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பீப்பாய்களுக்குப் பழைய ஆட்டுத்தோல் கோட்டுகளைச் சுற்றி வேனில் ஏற்றினார்கள். சபீத் ஜன்னலோரம் நின்று, "கறி குடுக்காதீங்கடா, வயிறு உப்பிச் செத்துரும். கீரைதான்" என்று கண்ணாடிக்குள்ளிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். கீழே இருப்பவர்களுக்கு அது எங்கே கேட்கும்?

மற்ற எட்டுத் தொட்டிகளையும் ஒரே வாரத்தில் அவரே கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டார். பம்ப்புகள் நின்றன. என் கூரை பதினைந்து வருஷத்தில் முதல் முறையாக அமைதியானது. அந்த அமைதியில் சபீத்தின் இருமல் முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது.

கம்ஷாத் பெட்டியை இறக்கித் தூசி தட்டினாள். மெதெத் ஒன்றும் செய்யவில்லை. அப்பா இப்போதுதான் மீனை இழந்திருக்கிறார், கொஞ்சம் பொறு என்றான் முதல் வாரம். அப்பாவும் கூட வரட்டுமே என்று அவள் சொன்னதற்கு, பெரிய ஊர்க் காற்று அவர் நெஞ்சுக்கு ஆகாது என்றான். வேலையை விடுவது பற்றிச் சுரங்கத்தில் பிரிவுத் தலைவரிடம் பேசப் பயமில்லை, நேரம்தான் இல்லை என்றான் அதற்குப் பிறகு. ஒவ்வொரு நாளும் கீழே எனக்கு அறிக்கை வந்துவிடும்.

பிப்ரவரி கடைசி வெள்ளிக்கிழமை. மேலே குளியல் தொட்டி காலியாகத்தான் இருந்தது. ஆனாலும் கம்ஷாத் துண்டோடு என் வீட்டுக்கு வந்தாள். குளித்தாள், வந்து உட்கார்ந்தாள். அழுத முகம் வெந்நீரில் இன்னும் சிவந்திருந்தது.

"நேத்து சொல்லிட்டான், அக்கா."

"என்னன்னு?"

"வரலையாம். மீனால இல்ல, அப்பாவால இல்ல, அவனுக்கே வர வேண்டாமாம்." கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். "இங்க சுரங்கத்துக்குள்ள விளக்கு அணைஞ்சாகூட எனக்கு வழி தெரியும், எந்தத் தூண் எங்க இருக்குன்னு கை சொல்லும், அங்க வந்து பஸ் ஏறவே நான் ஆளக் கேக்கணும், அங்க நான் யாருன்னு கேக்கறான். கத்தக்கூட இல்ல. மெதுவாத்தான் சொன்னான்."

"அப்ப மீன் மீன்னு சொன்னதெல்லாம்?"

"மீனு இருந்துச்சு, மீனச் சொன்னான். அதுங்கள அனுப்பிட்டேனே அக்கா. அதுங்க என்ன தப்பு பண்ணுச்சு?"

எனக்குப் பதில் தெரிந்திருந்தது. விளக்கறையில் என்னைத் தவிர ஒன்பது பெண்கள் இருந்தார்கள். நான் போயிருந்தால் என் விளக்குகளைப் பத்தாவதாக ஒருத்தி வந்து எடுத்துக் கொடுத்திருப்பாள். போகப் பயமாக இருந்தது, அவ்வளவுதான் விஷயம். இதை நான் என் அண்ணன்களிடம் இதுவரை சொன்னதில்லை. அன்றைக்கு அவளிடம் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது கதவு தட்டப்பட்டது. திறந்தால் சபீத். ஒரு மாடி இறங்கியதற்கே உதடு நீலம் பாரித்திருந்தது. மனைவி இறந்த பிறகு என் வீட்டுக்குள் அவர் கால் வைத்ததில்லை. கம்ஷாத் பதறி எழுந்து தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"உக்காரும்மா. ஃப்ரீடா, தண்ணி குடு."

குடித்தார். தலையைத் தூக்கிக் கறையைப் பார்த்தார்.

"பெருசாத்தான் இருக்கு," என்றார்.

"பதினோரு வருஷமா சொல்றேன்."

"அடிச்சுத் தரேன்." பிறகு கம்ஷாத்தின் பக்கம் திரும்பாமலே பேசினார். "நேத்து அவன் சொன்னது எனக்கும் கேட்டுச்சு. சுவரு அட்டை மாதிரிதான இருக்கு."

"மாமா, மீனு விஷயம் நான்தான்..."

"தெரியும். இகோலான்னு அவன் வாயால சொன்னப்பவே தெரியும்."

"தெரிஞ்சா ஏன் குடுத்தீங்க?" அவள் குரல் உடைந்தது.

"தங்கச்சி மகன் கேட்டா குடுக்கணும்." கொஞ்ச நேரம் மூச்சைச் சேர்த்தார். "அதோட எனக்கும் தெரிஞ்சாகணும். கட்டிப் போட்டிருக்கறது மீனா, நானா, இல்ல அவனேவான்னு. கடைசிப் பையன வெளிய போடான்னு அப்பன் சொல்லக்கூடாது. மீனத்தான் அனுப்ப முடிஞ்சுது. அனுப்பிப் பாத்துட்டேன்."

சமையலறையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. எழுந்து போய் இறுக்கி மூடினேன்.

"நீ போம்மா," என்றார் சபீத்.

"தனியாவா?"

"தனியா. ரெண்டு பேருக்குன்னு குடுத்த ரூமு. ஒருத்தி போதும்னு அவங்ககிட்ட சொல்லிறாத. ரெண்டு பேருன்னே இருக்கட்டும்."

"அத்தைங்க நாலு பேரும் என்ன சும்மா விடுவாங்களா? புருஷன விட்டுட்டுப் போனவன்னு சொல்லுவாங்க. அப்புறம் நான் இந்த வீட்டுக்குத் திரும்பி வர முடியுமா? வந்தா என்ன யாருன்னு பாப்பாங்க? அவனே எப்படிப் பாப்பான்?"

"கடிப்பாங்கதான்," என்று சபீத் ஒத்துக்கொண்டார். "வர்ற தேதிய மட்டும் முன்னாடியே சொல்லு. நான் கல்ல மாத்தி வைக்கிறேன்."

தொட்டி காலி என்பதும் அதில் கல்லே இல்லை என்பதும் மூன்று பேருக்குமே தெரியும். கம்ஷாத் துண்டை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

இருபத்தெட்டாம் தேதி பேருந்து நிலையத்தில் அவளை ஏற்றிவிட்டோம். மெதெத்தான் பெட்டியைத் தூக்கி வந்தான். பேருந்து கிளம்பும்வரை கையுறையைக் கழற்றி மாட்டி, கழற்றி மாட்டி நின்றான். வா என்று அவளும் சொல்லவில்லை, போகாதே என்று அவனும் சொல்லவில்லை. அத்தைமார் நான்கு பேரும் அந்த வாரமே ஒருவர் மாற்றி ஒருவர் வந்து சபீத்திடம் புலம்பிவிட்டுப் போனார்கள். அவர் எல்லாருக்கும் காது மந்தமானவர் மாதிரி தலையாட்டினாராம்.

மார்ச் இருபத்தொன்றாம் தேதி, நவ்ரூஸ் புத்தாண்டுக்கு முந்தின நாள். தெருவில் பனி கரைந்து கரிச் சேறாக ஓடிக்கொண்டிருந்தது. காலை ஒன்பது மணிக்கு என் கூரைமேல் ஏதோ கனமாக இழுபட்டது. பிறகு இன்னொன்று. அலமாரி, கட்டில், மறுபடி அலமாரி. பத்தரை மணிக்குத் துடைப்பக் கட்டையால் கூரையை இடித்தேன். நிற்கவில்லை. கறையிலிருந்து சுண்ணாம்புத் துணுக்கு ஒன்று என் தேநீரில் விழுந்ததும் மேலே ஏறிப் போனேன்.

கதவைத் திறந்த மெதெத் சட்டை நனைந்து நின்றான்.

"அப்பாவுக்கு என்னவோ ஆயிருச்சு, ஃப்ரீடாக்கா. காலைலேர்ந்து ஒரு சாமானையும் அது எடத்துல இருக்க விடமாட்டேங்கிறார்."

உள்ளே எனக்கே வழி தெரியவில்லை. பெரிய தொட்டி இருந்த சுவரில் சபீத்தின் கட்டில் கிடந்தது. சாப்பாட்டு மேஜை ஜன்னலோரம் போயிருந்தது. மெதெத்தின் கட்டில் எதிர் அறைக்கு மாறியிருந்தது. சமையலறை அலமாரிகளில் இருந்தவையெல்லாம் தலைகீழாக வேறு வேறு தட்டுக்குப் போயிருந்தன. சபீத் நடுவில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, மூச்சு வாங்க வாங்க விரலைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"அந்தக் கடிகாரத்தையும் கழட்டு. கதவுக்கு மேல மாட்டு."

"அங்க ஏம்ப்பா? யாரு பாக்கறது?"

"மாட்டுடா."

"அத்தனையும் மாத்திட்டீங்களே, அண்ணே," என்றேன். "இவனுக்குக்கூட எதுவும் எங்க இருக்குன்னு தெரியாதே."

"தெரியக்கூடாது," என்றார் சபீத். "அவனுக்குத்தான் மொதல்ல தெரியக்கூடாது."

மூன்று மணிக்கு அஸ்தானாப் பேருந்து, பண்டிகைக்கு ஊர் வருகிறவர்களோடு. மூன்றரைக்குப் படியில் காலடி கேட்டது. கம்ஷாத் பையும் கையுமாக வாசலில் நின்றாள். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். உள்ளே பார்த்தாள். ஜன்னலோர மேஜையை, கதவுக்கு மேலே ஓடிய கடிகாரத்தை, தொட்டி இல்லாத சுவரை, அங்கே கிடந்த கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருந்த மாமனாரை. அவர் தூங்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

சமையலறைக்குப் போய், பழைய பழக்கத்தில் வலது பக்க அலமாரியைத் திறந்தாள். உள்ளே பூட்ஸ் தைலமும் ஆணிப் பெட்டியும் இருந்தன.

"டீ போடலாம்னு பாத்தேன்," என்றாள் மெதெத்திடம். "கிண்ணமெல்லாம் எங்க?"

மெதெத் நடு வீட்டில் நின்று நாலு பக்கமும் பார்த்தான். தூக்கத்திலிருந்து எழுந்து ஊர் தெரியாத ரயில் நிலையத்தில் இறங்கியவன் போல முழித்தான்.

"எனக்கும் தெரியல," என்றான்.

அவள் பையைக் கீழே வைத்துவிட்டு அடுத்த கதவைத் திறந்தாள். அவன் எதிர்ப்பக்கத்துக் கதவைத் திறந்தான்.